லக்னோ முற்றுகைப் படத்தின் ஓரம் எங்கே? அருங்காட்சியக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியக நிர்வாகக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் காப்பாட்சியருக்கும்,

1857 லக்னோ முற்றுகையைக் காட்டும் லித்தோ படம், அதாவது கல்லில் வரைந்து அச்சிட்ட படம், ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதன் நான்கு ஓரங்களையும் வெட்டியிருக்கிறீர்கள். புதிதாக வாங்கிய சட்டத்துக்குள் தாள் அடங்கவில்லை என்பதுதான் காரணம் என்று சொன்னார்கள். வெட்டிய தாளைப் பசை தடவிப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். பக்கத்துச் சுவரில் அதே படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கணினியில் வண்ணம் ஏற்றி, மூலத்தில் இல்லாத தீப்பிழம்புகளைச் சேர்த்து மாட்டியிருக்கிறீர்கள். கீழே ஒரு விளக்கப் பலகை. அதில் மூன்று வாக்கியங்கள், மூன்றும் தவறு. கிடங்கில் இருக்கும் மற்றத் தாள்களுக்கும் அடுத்து இதே 'புதுப்பிப்பு' நடக்கப்போகிறது என்று அலுவலகத்தில் தெரிந்துகொண்டேன். நேரில் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி போதும். சிவகாசிக்கு அச்சுத் தொழில் வந்ததே தீப்பெட்டி லேபிளுக்காகத்தான். என் அப்பா லித்தோ கல்லில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அந்தக் கற்களை மணல் போட்டுத் தேய்த்துக் கொடுத்திருக்கிறேன். அப்புறம் ஆப்செட் வந்தது, ஓய்வு பெறும்வரை அதில்தான் பிழைப்பு. வரலாற்றில் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு தாளைக் கையில் கொடுத்தால் அது கல்லில் அச்சானதா தகட்டில் அச்சானதா, எத்தனை முறை இயந்திரத்துக்குள் போய் வந்தது என்று சொல்லத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு உங்கள் கூடத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அச்சு பற்றி விளக்கும் வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்துவந்தேன். அந்த லக்னோ படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நிற்போம். பிள்ளைகளை முதலில் ஓரத்தைத்தான் படிக்கச் சொல்வேன்.

ஓரத்தில் இருந்ததைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். வரைந்தவர் பெயர், அச்சிட்டவர் பெயர், படத்தின் தலைப்பு எல்லாம் அங்கேதான் இருந்தன. வரைந்தவர் கிளிஃபோர்ட் ஹென்றி மீச்சம், மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்த லெப்டினன்ட். 1857-ல் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் லக்னோ ரெசிடென்சியை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதி தங்கும் வளாகத்தை, முற்றுகையிட்டபோது அதற்குள் இருந்தவர்களில் ஒருவர். அவர் அங்கே வரைந்த படங்களை லண்டனில் டே அண்ட் சன் என்ற லித்தோ அச்சகம் 1858-ல் தொகுப்பாக வெளியிட்டது. படங்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதியவர் ஜார்ஜ் கூப்பர். லக்னோவைத் தலைநகராகக் கொண்ட அவத் மாகாணத்தின் தலைமை ஆணையருக்குச் செயலராக இருந்த அதிகாரி, அவரும் முற்றுகைக்குள் இருந்தவர். ஆக, வரைந்தவரும் சுவருக்கு உள்ளே, விளக்கம் எழுதியவரும் சுவருக்கு உள்ளே. இந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு இதைவிட முக்கியமான தகவல் கிடையாது. நிலப் பத்திரத்தில் சார்பதிவாளர் முத்திரை இருக்கிற பக்கத்தைக் கிழித்துவிட்டு, எல்லை விவரம் எழுதிய பக்கத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டியதுபோல் இருக்கிறது நீங்கள் செய்திருப்பது.

சரி, விளக்கப் பலகைக்கு வருகிறேன்.

முதல் வாக்கியம்: '1857-ல் லக்னோ போர்க்களத்தில் நேரடியாகத் தீட்டப்பட்ட அசல் வண்ண ஓவியம்.' இது ஓவியமே இல்லை, அச்சுத் தாள். போர்க்களத்தில் உருவானதும் இல்லை, லண்டன் அச்சகத்தில் உருவானது. மீச்சம் லக்னோவில் வரைந்தது வேறு, உங்கள் சுவரில் இருப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு முழுத் தொழிற்சாலை இருக்கிறது.

லித்தோ எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது புரிந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. 1790-களின் கடைசியில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. அந்தப் பகுதியில் சோல்ன்ஹோஃபன் என்ற ஊரில் கிடைக்கும் நெருக்கமான சுண்ணாம்புக் கல்தான் இதற்கு உயிர். கல்லை மணல் போட்டுத் தேய்த்துப் பொடிசொரசொரப்பாக்க வேண்டும். மெழுகு, சோப்பு, கொழுப்பு, புகைக்கரி சேர்த்துச் செய்த பென்சிலால் அதன்மேல் வரைய வேண்டும், அதுவும் இடம் வலம் மாற்றி. பிறகு கோந்தும் சிறிது அமிலமும் கலந்து பூசினால், வரைந்த இடம் எண்ணெய்ப்பிடிப்போடும் வரையாத இடம் ஈரப்பிடிப்போடும் நின்றுவிடும். தண்ணீர் தடவி மை உருளையை ஓட்டினால் கோடு மட்டும் மை வாங்கும். கல்லில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விஷயத்தை வைத்து நடக்கிற வேலை. எங்கள் ஊரில் லேபிள் அடித்ததும் இப்படித்தான்.

உங்களிடம் இருப்பது சாயமேற்றிய லித்தோ. கறுப்புக் கோட்டுக்கு ஒரு கல். மண் நிறச் சாயத்துக்கு இன்னொரு கல். வெளிச்சம் படுகிற இடங்களில் அந்தச் சாயக் கல்லைச் சுரண்டிவிடுவார்கள், அங்கே தாளின் வெள்ளை தெரியும். படத்தில் புகையும் சுவரின் உடைந்த விளிம்பும் பளிச்சென்று தெரிகிறதே, அது வெள்ளை மை கிடையாது, வெறும் தாள். இந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இப்போது நீங்கள் மாட்டியிருக்கும் பெரிய படத்தில் அந்த வெள்ளை இருந்த இடத்தில் ஆரஞ்சு நிறத் தீ எரிகிறது.

இன்னொன்று. களத்தில் வரைந்தவர் ஒருவர், அதைக் கல்லில் ஏற்றுகிறவர் வேறொருவர் என்பதே அன்றைய லண்டன் வழக்கம். கல் ஓவியர் லக்னோவைப் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வானத்தில் மேகம் வைப்பது, சுவரின் நிழலைக் கூட்டுவது, முன்னால் நிற்கும் ஆட்களைக் கொஞ்சம் நிமிர்த்தி நிறுத்துவது எல்லாம் அவர் கையில் நடக்கும். அந்தப் படத்தை வாங்குகிற கூட்டமும் ஏற்கெனவே தயாராக இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1854-55-ல் ரஷ்யாவின் செவாஸ்டபோல் நகரம் முற்றுகையிடப்பட்டபோது, வில்லியம் சிம்ப்சன் அங்கே போய் வரைந்தவற்றை 80-க்கும் மேற்பட்ட லித்தோ படங்களாக இதே டே அண்ட் சன் அச்சிட்டிருந்தது. போர் நடக்கும்போதே வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து முற்றுகையைப் பார்க்கும் பழக்கம் அங்கே உருவாகிவிட்டது. 1859-ல் டெல்லி முற்றுகைப் படங்களும் வந்தன. வரைந்தவர் வங்காளப் பொறியாளர் படையின் ஜார்ஜ் ஃபிராங்க்ளின் அட்கின்சன், அச்சிட்டது மறுபடியும் அதே அச்சகம். அதே ஆண்டு சிம்ப்சனையும் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1857 நடந்த இடங்களைப் பெரிய வண்ணத் தொகுப்பாகப் போட வேண்டும் என்று திட்டம். அவர் வரைந்து முடித்துத் திரும்புவதற்குள் ஊரின் ஆர்வம் ஆறிவிட்டது, 1867-ல் அச்சகமும் நொடித்துப்போனது. முற்றுகைப் படம் என்பது அன்றைக்கு ஒரு சரக்கு. அந்தச் சரக்கின் முத்திரைதான் நீங்கள் வெட்டி எறிந்த ஓரம்.

இரண்டாவது வாக்கியம் இன்னும் மோசம்: 'முன்னால் தலைப்பாகையுடன் நிற்பவர்கள் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட நம் விடுதலை வீரர்கள்.'

ஐயா, அவர்கள் நிற்பது தடுப்புச் சுவரின் உள்பக்கம். துப்பாக்கியை நீட்டியிருப்பது வெளியே. அவர்கள் கம்பெனிப் பக்கம் நின்று ரெசிடென்சியைக் காத்த இந்தியச் சிப்பாய்கள். முற்றுகை தொடங்கியபோது உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். அதில் ஆயுதம் ஏந்தியவர்கள் 1,700 சொச்சம். அந்த 1,700-ல் 700-க்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். ரெசிடென்சியின் பெய்லி கார்டு வாசலைப் பிடித்து நின்றது 13-வது வங்காளப் படைப்பிரிவின் எஞ்சிய சிப்பாய்கள்தான். இவர்கள் தாக்குப்பிடிக்கவில்லை என்றால் முற்றுகையின் முடிவு வேறாக இருந்திருக்கும். பிறகு இவர்களைக் கொண்டே லக்னோ பெயரில் ஒரு படைப்பிரிவும் அமைத்தார்கள்.

சுவருக்கு வெளியே இருந்தவர்கள் யார்? பெரும்பாலும் அதே அவத் கிராமங்களிலிருந்து அதே வங்காளப் படையில் சேர்ந்தவர்கள். அண்ணன் தம்பி உறவுகூட இருந்திருக்கும். இரவில் வெளியே இருந்து கூப்பிட்டு, உள்ளே இருப்பவர்களை இந்தப் பக்கம் வந்துவிடச் சொன்னதையும், வராதபோது திட்டியதையும் உள்ளே இருந்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சிலர் போனார்கள், பலர் போகவில்லை. ஏன் போகவில்லை என்பது எளிதான கேள்வி இல்லை. சம்பளமா, உப்பிட்டவர் மேல் விசுவாசமா, வெளியே இருந்தவர்கள் மேல் நம்பிக்கை இல்லாததா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர்கள் சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதுதான் அந்தப் படத்தின் மதிப்பு. உங்கள் பலகை அந்தக் கேள்வியை அழித்துவிட்டு, கம்பெனிக்காகச் சுட்டவர்களுக்கே விடுதலை வீரர் பட்டம் கொடுத்துவிட்டது. போன மாதம் ஒரு பள்ளியின் பிள்ளைகள் அதை வரி பிசகாமல் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள்.

உண்மையில் வெளியே நின்று போரிட்டவர்கள் அந்தப் படத்தில் தெரியவே மாட்டார்கள். தெரிய வாய்ப்பும் இல்லை. உள்ளே இருந்தவர் சுவருக்கு மேலே தலையைத் தூக்கினால் குண்டு வரும். ஜோஹன்னஸ் என்ற வணிகரின் வீட்டு மாடியிலிருந்து குறி தப்பாமல் சுட்ட ஒருவரைப் பற்றி எல்லாக் குறிப்புகளிலும் இருக்கிறது. ஆகஸ்டில் அந்த வீட்டையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். நிலத்துக்கு அடியிலும் சண்டை. வெளியே இருந்தவர்கள் சுரங்கம் தோண்டி மதிலுக்குக் கீழே வெடி வைக்க, உள்ளே இருந்தவர்கள் எதிர்ச் சுரங்கம் தோண்டி வழி மறித்தார்கள். வெளியிலிருந்து தோண்டியதில் அவத் பகுதியின் பாசி என்ற சமூகத்தினர் கைதேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட எந்த லித்தோவும் காட்டவில்லை. முற்றுகைக்குள் கடிதம் கொண்டுவந்து கொண்டுபோன அங்கத் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய், நவம்பரில் கவனா என்ற குமாஸ்தாவை மாறுவேடத்தில் வெளியே கூட்டிப்போன கனௌஜி லால், இவர்களும் அப்படியே.

மூன்றாவது வாக்கியம்: 'மூன்று மாத முற்றுகைக்குப் பின் கோட்டை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது.' ரெசிடென்சி கோட்டையே இல்லை. நவாப் ஆசஃப் உத்தௌலா காலத்தில் கட்டத் தொடங்கிய, கம்பெனியின் பிரதிநிதி தங்கும் வளாகம். மாளிகைகள், விருந்து மண்டபம், கருவூலம், மாதா கோயில். அவசரத்துக்குச் சுவர் எழுப்பி மண் கொட்டித் தற்காத்த இடம். ஆங்கிலேயர்கள்தான் உள்ளே இருந்தார்கள், அவர்களிடம் அது எப்படி வீழும்?

நடந்தது இது. 1856 பிப்ரவரியில் கம்பெனி அவத்தைப் பறித்துக்கொண்டு நவாப் வாஜித் அலி ஷாவைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. 1857 ஜூன் 30 அன்று லக்னோவுக்கு அருகே சின்ஹட்டில் தலைமை ஆணையர் ஹென்றி லாரன்ஸின் படை தோற்றுத் திரும்பியதும் முற்றுகை தொடங்கிவிட்டது. ஜூலை 2-ல் அறைக்குள் வந்து விழுந்த குண்டில் லாரன்ஸ் காயப்பட்டு 4-ல் இறந்தார். அடுத்த நாள் 5-ம் தேதி, வாஜித் அலி ஷாவின் மனைவியரில் ஒருவரான பேகம் ஹஸ்ரத் மஹலின் மகன் பிர்ஜிஸ் கதருக்கு வெளியே முடிசூட்டினார்கள். செப்டம்பர் 25-ல் ஆங்கிலத் தளபதிகள் ஹேவ்லாக்கும் அவுட்ரமும் சண்டையிட்டு உள்ளே நுழைந்தார்கள், ஆனால் உள்ளே இருந்தவர்களை வெளியே கொண்டுபோக முடியாமல் தாங்களும் முற்றுகைக்குள் சிக்கினார்கள். நவம்பரில் இன்னொரு தளபதி காலின் கேம்பெல் வந்தார். அவரும் நகரத்தைப் பிடிக்கவில்லை, எல்லோரையும் இரவோடு இரவாக வெளியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். லக்னோ ஆங்கிலேயர் கைக்கு மறுபடி வந்தது 1858 மார்ச்சில். அதாவது ஏறத்தாழ நான்கு மாதம் பேகம் ஹஸ்ரத் மஹல் என்ற ஒரு பெண்ணின் அரசு அந்த நகரத்தை முழுதாக வைத்திருந்தது. உங்கள் பலகையில் அவர் பெயரே இல்லை.

சேர்த்த தீப்பிழம்பைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். பார்வையாளர்களைக் கவரவேண்டும் என்றார்கள், புரிகிறது. ஆனால் லக்னோ விஷயத்தில் இப்படிச் 'சேர்ப்பது' புதிது இல்லை என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். 1857 நவம்பர் 16-ல் லக்னோவின் சிக்கந்தர் பாக் என்ற தோட்ட மாளிகையில் ஏறத்தாழ 2,000 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். சில மாதம் கழித்து ஃபெலிச்சே பியாட்டோ என்ற புகைப்படக்காரர் அங்கே எடுத்த படத்தில் முன்முற்றம் முழுக்க எலும்புகள் கிடக்கின்றன. அவை படத்துக்காகவே பரப்பி வைக்கப்பட்டவை என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். அந்தப் படத்தை இன்று எந்த நல்ல கூடமும் இந்தத் தகவலைச் சொல்லாமல் மாட்டுவதில்லை. நீங்கள் தீ சேர்த்ததை எங்கே சொல்லியிருக்கிறீர்கள்?

'இதெல்லாம் வெள்ளைக்காரன் படம், ஓரம் போனால் என்ன?' என்று உங்கள் ஊழியர் ஒருவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹேவ்லாக், அவுட்ரம் படையோடு 1857 செப்டம்பர் 25-ல் லக்னோவுக்குள் நுழைந்து தெருச் சண்டையில் செத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் நீல், மதராஸ் ஃபியூசிலியர்ஸ் படையின் தலைவர். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் செய்த கொடுமைகள் ஊரறிந்தவை. அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927-ல் அந்தச் சிலையை அகற்றச் சொல்லித் தொண்டர்கள் சத்தியாகிரகம் செய்து சிறைக்குப் போனார்கள், காந்தியும் ஆதரித்தார். 1937-ல் ராஜாஜி ஆட்சிக்கு வந்த பிறகு சிலை தெருவிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தவர்கள் அதை உடைக்கவில்லை. இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். மரியாதை கொடுக்கும் இடத்திலிருந்து எடுத்து, ஆராயும் இடத்தில் வைத்தார்கள். சிறைக்குப் போய் அந்தச் சிலையை இறக்கியவர்களுக்கு இருந்த பொறுமை, ஒரு தாளின் ஓரத்தை மடித்துப் பார்க்கக்கூட உங்களுக்கு இல்லாமல் போனது எனக்கு வருத்தம்.

வெள்ளைக்காரன் படம்தான். அதனால்தான் யார் வரைந்தது, யாருக்காக அச்சானது என்ற சாட்சியம் அதோடு ஒட்டியிருக்க வேண்டும். ஓரம் இருந்தவரை அது ஒரு கம்பெனி அதிகாரி பார்த்த முற்றுகை. ஓரம் போனதும் அதுவே முற்றுகை ஆகிவிட்டது.

அதன் பக்கத்தில் வைப்பதற்கு லக்னோவிலேயே எவ்வளவோ இருக்கிறது. இந்திய ஆட்சியைக் கம்பெனியிடமிருந்து தானே எடுத்துக்கொள்வதாக விக்டோரியா அரசி விட்ட அறிக்கை 1858 நவம்பரில் வந்ததும், பேகம் ஹஸ்ரத் மஹல் அதற்கு வரிக்கு வரி பதில் சொல்லி ஓர் எதிரறிக்கை விட்டார். ரோடு போடுவதும் கால்வாய் வெட்டுவதும் தவிர இந்துஸ்தான மக்களுக்கு இதில் வேறென்ன வேலை சொல்லியிருக்கிறது என்று அதில் கேட்கிறார். அப்புறம் அச்சுக்காரன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது: மீச்சமின் படங்கள் லண்டனில் கல்லில் ஏறிய அதே 1858-ல், முற்றுகையில் பாதி இடிந்து கிடந்த லக்னோவில் முன்ஷி நவல் கிஷோர் ஓர் அச்சகம் தொடங்கினார். அதுவும் லித்தோதான். உருது எழுத்தின் வளைவுகளுக்கு ஈய எழுத்தைவிடக் கல்தான் தோது. காத்திப் என்ற எழுத்துக் கலைஞர்கள் எழுதியதை அப்படியே கல்லில் இறக்கி அச்சிட்டார்கள். உருது, பாரசீகம், அரபி, இந்தி, சம்ஸ்கிருதம் என்று வளர்ந்து ஆசியாவின் பெரிய அச்சகங்களில் ஒன்றானது. (அவர் ஆங்கில அரசின் ஆதரவோடுதான் வளர்ந்தார், அதையும் மறைக்க வேண்டாம்.) அங்கே அச்சான ஒரு பக்கத்தின் நகலை இந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே தொழில், ஒரே ஆண்டு, இரண்டு ஊர். தீப்பிழம்பு தேவையே படாது.

இனி நான் கேட்பவை.

முதலில், கிடங்கில் மிச்சமிருக்கும் தாள்கள் மேல் கத்தரியும் பசையும் படக்கூடாது. குழு கூடும்வரை எந்தத் தாளையும் சட்டம் போடவோ, லேமினேஷன் செய்யவோ, ஒட்டவோ வேண்டாம் என்று இன்றே எழுத்துப்பூர்வமாக உத்தரவு போடுங்கள். சட்டத்துக்குத் தாள் பெரிதாக இருந்தால் பெரிய சட்டம் வாங்குங்கள். செலவு பிரச்சினை என்றால் சொல்லுங்கள், சிவகாசியில் பழைய அச்சுக்காரர்கள் சேர்ந்து பணம் தருகிறோம்.

வெட்டிய ஓரங்கள் எங்கே என்று தேடுங்கள். சட்டம் போட்டவரின் பட்டறையில் விசாரியுங்கள், கழிவுத் தாளோடு போகாமல் இருந்தால் ஒவ்வொரு துண்டையும் அமிலம் இல்லாத உறையில் போட்டுப் படத்தின் பதிவு எண்ணோடு வையுங்கள். கிடைக்கவில்லை என்றால் அதையும் பதிவேட்டில் எழுதுங்கள்: யார் சொல்லி, எந்தத் தேதியில், எத்தனை அங்குலம் வெட்டப்பட்டது என்று. என்னிடம் இருக்கும் படங்களைப் பதிவேட்டோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பலகையில் ஒட்டிய தாளை இங்கே யாரும் பிரிக்க முயல வேண்டாம். வெந்நீர், ஆவி, பிளேடு என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரை வரவழைத்து, அவர் சொன்னபடி மட்டும் செய்யுங்கள். அதுவரை அந்தப் படத்தின் மேல் அடிக்கிற விளக்கை அணைத்துவிடுங்கள். சாயம் வெளுத்தால் திரும்ப வராது.

பெரிதாக்கிய படத்தைக் கழற்றுங்கள். பெரிய படம் வேண்டும் என்றால் மூலத்தை அப்படியே, ஓரத்தோடு பெரிதாக்குங்கள். ஓரம் உள்ள படம் என் கைப்பேசியில் இருக்கிறது என்றேன், ஆனால் அச்சுக்கு அந்தத் தரம் போதாது. இந்தத் தொகுப்பு உள்ள வேறு நூலகங்களிடம் கேட்டு நல்ல நகல் வாங்குங்கள்.

விளக்கப் பலகையை மாற்றுங்கள். நான் எழுதித் தருவது இது, திருத்தம் இருந்தால் செய்துகொள்ளுங்கள்: 'லக்னோ ரெசிடென்சி முற்றுகை, 1857. முற்றுகைக்குள் இருந்த மதராஸ் ராணுவ லெப்டினன்ட் கிளிஃபோர்ட் ஹென்றி மீச்சம் வரைந்ததைக் கொண்டு லண்டன் டே அண்ட் சன் 1858-ல் வெளியிட்ட சாயமேற்றிய லித்தோ. முன்னால் நிற்பவர்கள் கம்பெனிப் பக்கம் நின்ற இந்தியச் சிப்பாய்கள். முற்றுகையிட்ட அவத் படைகளை இந்தப் படம் காட்டவில்லை. பேகம் ஹஸ்ரத் மஹலின் அரசு 1858 மார்ச் வரை லக்னோவைத் தன் வசம் வைத்திருந்தது. இந்தத் தாளின் ஓரங்கள் இங்கே சட்டம் போடும்போது வெட்டப்பட்டன.' கடைசி வாக்கியத்தை மட்டும் எடுக்கக்கூடாது.

ஏற்கெனவே தவறான பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு போன பள்ளிகள் உங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கின்றன. அவற்றின் தலைமை ஆசிரியர்களுக்குத் திருத்தத்தை ஒரு பக்கக் கடிதமாக அனுப்புங்கள்.

அச்சுத் தாள், பழைய புத்தகம், வரைபடம் எதையும் தொடும் முன் கருத்துக் கேட்க, அச்சுத் தொழில் தெரிந்த ஒருவரையும் வரலாற்று ஆசிரியர் ஒருவரையும் குழுவில் சேருங்கள். அந்த அச்சுக்காரர் நானாக இருக்க வேண்டியதில்லை. என்னைவிடக் கல்லில் அதிகம் வேலை பார்த்தவர்கள் சிலர் இன்னும் சிவகாசியில் இருக்கிறார்கள், முகவரி தருகிறேன்.

இந்த மாதக் கடைசிக்குள் இவற்றில் எதைச் செய்யப்போகிறீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும். செய்யமாட்டோம் என்றாலும் காரணத்தை எழுதுங்கள். அதையும் இதே இடத்தில் வெளியிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூடத்தில் பிள்ளைகளுக்கு அச்சு பற்றிச் சொல்லிவந்த, ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி
சிவகாசி